கேம்பர் பேட்டரி ஏன் நிறையவில்லை? வாசகர் கேள்வி – பதில்

கேம்பர் வேன் (உள்ளேயே தங்கிப் பயணம் போகும்படி அமைத்த வேன்) வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கூரையில் சோலார் பேனல் இருக்கிறது, ஆனாலும் பேட்டரி சாகிறது. பதில்களைப் படிக்கும் முன் ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அளக்காமல் பொருள் வாங்கியதால் வந்த சிக்கல்கள்தான் இவற்றில் அதிகம்.

கோவை வாசகர்: டிராவலர் வேனைக் கேம்பராக மாற்றியிருக்கிறேன். கூரையில் 335 வாட் பேனல் இரண்டு, 30 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர் (ஒயர் போகும் வழியோடு படம் இணைத்துள்ளேன்), 12 வோல்ட் 200 ஏ.எச். (ஆம்பியர் மணி) லெட் ஆசிட் பேட்டரி. நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் பேட்டரி நிறைவதில்லை. கன்ட்ரோலரில் மட்டும் 14.4 வோல்ட் காட்டுகிறது. பேனல் போலியா?

பேனல் மீது பழி போடாதீர்கள். உங்கள் மின்சாரம் இரண்டு இடங்களில் வீணாகிறது.

முதலாவது, கன்ட்ரோலர், அதாவது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜை ஒழுங்குபடுத்தும் கருவி. படத்தில் இருப்பது பி.டபிள்யூ.எம். வகை. இது பேனலையும் பேட்டரியையும் நேராகக் கோத்துவிட்டு, பேட்டரி நிறையும்போது சுவிட்ச் போல வெட்டி வெட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். உங்கள் 335 வாட் பேனல் 72 செல் கொண்டது. சுமார் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் கொடுத்தால்தான் 335 வாட். பி.டபிள்யூ.எம். அதை 13 வோல்ட்டுக்கு இழுத்து இறக்கிவிடும். ஆம்பியர் மட்டும் அதே 9. ஆக ஒரு பேனலுக்கு 117 வாட், இரண்டுக்கும் 234 வாட். 670 வாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறீர்கள். 36 செல், 18 வோல்ட் பேனலாக இருந்திருந்தால் பி.டபிள்யூ.எம். ஓரளவு போதும். வீட்டு மாடிக்கு விற்கும் பெரிய பேனலை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டுவதென்றால் எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர் இல்லாமல் ஆகாது. அது அதிக வோல்ட்டை வாங்கி, குறைந்த வோல்ட்டில் அதிக ஆம்பியராக மாற்றித் தரும். கூரைச் சூட்டையும் கழித்தால் உங்களுக்கு உச்சி வெயிலில் 500 வாட் பக்கம், அதாவது 36, 37 ஆம்பியர் கிடைக்கும்.

இன்னொன்று: இந்தப் பேனலின் திறந்த சுற்று வோல்ட் (எதனோடும் இணைக்காதபோது காட்டும் வோல்ட்) 46 பக்கம். சில பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர்களில் 12 வோல்ட் பேட்டரிக்கு உள்ளீடு 25 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். உங்களுடையதின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஒயர். படத்தின்படி, கன்ட்ரோலரைக் கூரை ஓரத்தில் பொருத்தி, அங்கிருந்து 5 மீட்டர் தூரத்துக்கு 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) ஒயரில் பேட்டரிக்கு இறக்கியிருக்கிறீர்கள். போக வர 10 மீட்டர் செம்பு. அதில் 18 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 0.8 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 பார்த்து ‘பேட்டரி நிறையப் போகிறது’ என்று ஆம்பியரைக் குறைக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் பேட்டரியின் முனையில் இருப்பதோ 13.6. நீங்கள் எழுதிய 14.4 இப்படி வந்ததுதான். மதியம் 12 மணிக்கு மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்துக் கன்ட்ரோலரின் பேட்டரி முனையில் ஒருமுறை, பேட்டரியின் ஈய முனையிலேயே ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் ஒயரோ, லக்கோ (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), ஃப்யூஸ் ஹோல்டரோ குற்றவாளி. ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் வைத்தால் எதுவென்று தெரிந்துவிடும். கையால் முறுக்கி டேப் சுற்றிய இடத்தில்தான் பெரும்பாலும் சிக்கும்.

இனி மாற்றும் முறை. 40 ஆம்பியர் எம்.பி.பி.டி. ஒன்று, உள்ளீடு 100 வோல்ட் தாங்குவது. அதைப் பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்குள் பொருத்துங்கள். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையே 16 ஸ்கொயர் செம்பு ஒயர், கிரிம்ப் செய்த (அழுத்தி இறுக்கிய) லக், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 50 ஆம்பியர் ஃப்யூஸ். கூரையிலிருந்து வரும் நீளமான ஒயர் 4 அல்லது 6 ஸ்கொயர் இருந்தால் போதும். அங்கே வோல்ட் அதிகம் என்பதால் இழப்பு குறைவு. இரண்டு பேனல் மட்டும் இணையாக (பாரலலாக) இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ் வேண்டாம். மூன்றாவது சேர்த்தால் கட்டாயம் வேண்டும்.

வேலை செய்யும்போது பேனல்களைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வெயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எம்.சி.4 கனெக்டரை (பேனல் ஒயர்களைச் சேர்க்கும் பிளக்) பிடுங்கினால் தீப்பொறி பறந்து முனை கருகும். புதிய கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல். கழற்றும்போது தலைகீழ். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்திருந்தால் சில கன்ட்ரோலர்கள் போயே போய்விடும். பேனல் பக்கம் சுவிட்ச் வைப்பதானால் டி.சி. எம்.சி.பி. (தானாக வெட்டும் சுவிட்ச்) என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யால் டி.சி. தீப்பொறியை அணைக்க முடியாது, உள்ளேயே எரியும்.

செட்டிங்கில் பேட்டரி வகையை லெட் ஆசிட் என்று வைத்து, அதிகபட்ச சார்ஜை 30 ஆம்பியரோடு நிறுத்துங்கள். 200 ஏ.எச். பேட்டரிக்கு அதற்கு மேல் தொடர்ந்து தள்ளினால் சூடாகித் தண்ணீர் குறையும். 14.4-ஐத் தொட்டதுமே நிறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்த வோல்ட்டில் இரண்டு மூன்று மணி நேரம் நின்று, உள்ளே போகும் ஆம்பியர் 3, 4-க்கு இறங்கினால்தான் நிறைந்ததாகக் கணக்கு. டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரால் பாருங்கள்; ஏ.சி. மட்டும் அளக்கும் கிளாம்ப் இங்கே பூஜ்யம்தான் காட்டும்.

கடைசியாக, இதுவரை அரைகுறையாகவே கிடந்த பேட்டரியின் நிலை. தொடர்ந்து நிறையாமல் கிடக்கும் லெட் ஆசிட்டில் தகடுகளின் மேல் சல்பேட் கெட்டிப்படும். முழுச் சார்ஜ் ஏற்றி, எல்லா லோடையும் கழற்றி, ஓர் இரவு விட்டு, காலையில் வெயில் படும் முன் அளந்து பாருங்கள். 12.6-க்கு மேல் நின்றால் உயிர் இருக்கிறது. 12.3-க்கு வந்துவிட்டால், கன்ட்ரோலர் மாற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

திருச்சி வாசகர்: வேன் சில சமயம் மூன்று மாதம் வரை வெட்டவெளியில் நிற்கிறது. திரும்பி வந்தால் இன்ஜின் பேட்டரியும் சரி, விளக்கு, ஃபேனுக்கான உள் பேட்டரியும் சரி, இரண்டுமே காலி. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன சோலார் சார்ஜர் வாங்கி டாஷ்போர்டில் வைத்தும் பலனில்லை.

பல வண்டிகளில் சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட் செத்துவிடும். சார்ஜரின் விளக்கு எரியும், பேட்டரிக்கு ஒன்றும் போகாது. தவிர, கண்ணாடிக்குள் வைத்த பேனலுக்கு வெளிச்சம் பாதிகூட வராது. கூரையில் 20 வாட் பேனல், 5 ஆம்பியர் சின்ன கன்ட்ரோலர், அங்கிருந்து 5 ஆம்பியர் ஃப்யூஸோடு நேராக இன்ஜின் பேட்டரி முனைக்கு ஒயர்: இதுதான் வழி.

அதற்கு முன் வண்டி நின்றபடி எவ்வளவு குடிக்கிறது என்று அளந்துவிடுங்கள். இன்ஜின் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இடையில் கோத்து, கதவுகளைச் சாத்தி, அரை மணி நேரம் காத்திருங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் பிடிக்கும். மீட்டர் கோத்திருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச்., மாதத்துக்கு 36 ஏ.எச். மூன்று மாதம் எந்த இன்ஜின் பேட்டரியும் இதைத் தாங்காது. நம்மூர் வெயிலில் 20 வாட் பேனல் நாளொன்றுக்கு 5 ஏ.எச். கொடுத்துவிடும், மழை நாளுக்கும் மிச்சம் இருக்கும். 200 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் பேனல் வாங்காதீர்கள், ஜி.பி.எஸ். டிராக்கர், ஸ்டீரியோ, பின்னால் போட்ட அலாரம் என்று ஒவ்வொரு ஃப்யூஸாக எடுத்து எது குடிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

உள் பேட்டரி காலியானதற்கு இன்வெர்ட்டர்தான் காரணமாக இருக்கும். எதையும் செருகாமல் சும்மா ஆன் செய்து வைத்த இன்வெர்ட்டர் 10 வாட் குடித்தாலே ஒரு நாளைக்கு 20 ஏ.எச். அதன் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் பாதிப் பிரச்சினை தீரும்.

மதுரை வாசகி: குடும்பமாக நான்கு பேர். 45 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், இரண்டு 12 வோல்ட் ஃபேன், விளக்குகள், போன் சார்ஜ், தண்ணீர் பம்ப். எத்தனை வாட் பேனல், எவ்வளவு பேட்டரி?

ஒரு நாள் செலவை ஏ.எச்.சில் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. 35 டிகிரி வெயிலில் அந்த ஃப்ரிட்ஜ் பாதி நேரம் ஓடும், 45 ஏ.எச். என்று வையுங்கள். ஃபேன் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், இரவு 8 மணி நேரம், இரண்டுக்கும் 24. விளக்குகள் 6, போன்கள் 4, பம்ப் 1. மொத்தம் 80 ஏ.எச்., அதாவது சுமார் 1,000 வாட் மணி.

தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயில் என்று கணக்கு வைக்கலாம். படுக்கையாகக் கிடக்கும் பேனல், சூடு, தூசி, ஒயர் எல்லாம் சேர்த்து 30 சதவீதம் கழியும். 1,000-ஐ 3.5-ஆல் வகுத்தால் 285. ஆக 335 வாட் பேனல் ஒன்றும் எம்.பி.பி.டி.யும் தை முதல் ஆனி வரை நிம்மதியாகப் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், ஆடியில் ஊட்டி மூடுபனியிலும் அதே பேனல் கால் பங்குதான் கொடுக்கும். அப்போது கைகொடுப்பது பேட்டரியும் ஓடும் இன்ஜினும்தான். இரண்டு நாள் தாங்க 160 ஏ.எச். வேண்டும். லித்தியம் பாஸ்பேட் (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரியில் 80 சதவீதம் வரை பயன்படுத்தலாம் என்பதால் 200 ஏ.எச். போதும். லெட் ஆசிட்டில் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது, எனவே 320 ஏ.எச். எடையைப் பார்த்தாலே எது வேண்டும் என்று முடிவாகிவிடும்.

இன்ஜினிலிருந்து ஏற்றுவதற்கு, அளவான ஆம்பியரை மட்டும் எடுத்துச் சரியான வோல்ட்டில் கொடுக்கும் டி.சி. டு டி.சி. சார்ஜர் போடுங்கள். வெறும் ரிலே வைத்து லித்தியத்தை ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்) கோத்தால், வண்டி மெதுவாகப் போகும்போதும் பேட்டரி இழுக்கிற வரை இழுக்கும், ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். புதிய வண்டிகளில் எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் வோல்ட்டைக் கம்ப்யூட்டரே இறக்கிவிடும் என்பதால், ரிலே வழியாக லெட் ஆசிட்டும் நிறையாது.

சென்னை வாசகர்: இரவு முழுக்க ஒரு டன் ஏ.சி. ஓட்ட முடியுமா?

முடியாது. இன்வெர்ட்டர் ஏ.சி.யாகவே இருந்தாலும் சென்னை இரவில் 8 மணி நேரத்துக்கு 5 யூனிட் போகும். கூரையில் 670 வாட் இருந்தாலும் நாள் முழுக்கக் கிடைப்பது இரண்டரை யூனிட் சுமார். கரன்ட் இருக்கும் இடத்தில் நிறுத்தி ஓட்டுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி சும்மா இருக்கிறது. வேனில் வைக்கலாமா?

ஆழமாக இறங்கி ஏறுவதற்கென்றே செய்தது டியூபுலர், அந்த வகையில் பொருத்தம்தான். ஆனால் ஆசிட்டோடு 50 கிலோவைத் தாண்டும், உயரமும் அதிகம். மலைப்பாதைத் திருப்பத்தில் கவிழாமல் நான்கு பக்கமும் இரும்புச் சட்டத்தில் கட்ட வேண்டும். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். நீங்கள் தூங்கும் அறையும் கேஸ் அடுப்பும் அங்கேயேதான் இருக்கின்றன. மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து வண்டிக்கு வெளியே குழாய் விட முடியும் என்றால் வையுங்கள். முடியாதென்றால் வீட்டிலேயே இருக்கட்டும். 100 ஏ.எச். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ சுமார்தான், வாயுத் தொல்லையும் இல்லை.

சேலம் வாசகர்: செப்டம்பர் கடைசியில் மணாலி வழியாக லடாக்கின் லே, பாங்காங் ஏரி போகிறோம். 335 வாட் பேனல் இரண்டும் சீரிஸில், 100 வோல்ட் எம்.பி.பி.டி., 200 ஏ.எச். லித்தியம். இங்கே எல்லாம் நன்றாக ஓடுகிறது. அங்கே கவனிக்க வேண்டியது உண்டா?

கிளம்பும் முன் அந்த சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த) இணைப்பை மாற்றுங்கள். பேனலில் அச்சிட்டிருக்கும் 46 வோல்ட் 25 டிகிரிக்கு உரியது. குளிர்ந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 சதவீதம் ஏறும். சேலத்தில் இரண்டும் சேர்ந்து 92 வோல்ட் பக்கம்தான், வெயிலில் இன்னும் குறைவு. பாங்காங் கரையில் அந்தச் சமயத்தில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பேனல் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். மைனஸ் 5 டிகிரியில் 9 சதவீதம் கூடி 100.3 வோல்ட். காலையில் முதல் வெயில் பட்டதுமே இந்த வோல்ட் வந்துவிடும். கன்ட்ரோலரின் எல்லை 100. அதைத் தாண்டி எரிந்தால் வாரன்டியும் கிடைக்காது. எம்.சி.4 ‘ஒய்’ கனெக்டர் ஒரு ஜோடி வாங்கி இணையாக மாற்றினால் 50 வோல்ட்டோடு முடிந்தது. சீரிஸ்தான் வேண்டும் என்றால் 150 வோல்ட் கன்ட்ரோலர்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் பாஸ்பேட்டைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. லித்தியம் உலோகமாகவே உள்ளே நெகட்டிவ் முனையில் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். பயன்படுத்துவது பரவாயில்லை, ஏற்றுவதுதான் ஆபத்து. உங்கள் பி.எம்.எஸ்.சில் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) குளிரில் சார்ஜை நிறுத்தும் குளிர் வெட்டு இருக்கிறதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். விலை குறைந்த பேட்டரிகளில் இருப்பதில்லை. இல்லையென்றால் பேட்டரியில் ஒட்டும் டெம்பரேச்சர் சென்சார் உள்ள கன்ட்ரோலரில் 5 டிகிரிக்குக் கீழே சார்ஜ் வேண்டாம் என்று வையுங்கள். அதுவும் இல்லையென்றால் இரவில் பேனல் சுவிட்சை அணைத்துவிட்டு, மறுநாள் வண்டிக்குள் சூடேறிய பிறகு போடுங்கள். பேட்டரி வண்டிக்கு அடியில் இருந்தால் உள்ளே சீட்டுக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

லடாக்கில் ஒரு நல்லதும் உண்டு. காற்று மெலிது, பேனல் குளிர்ச்சி. மதியத்தில் சேலத்தைவிட அதிக வாட் வரும்.

ஸ்கார்பரோ, கனடா வாசகர்: டிரெய்லர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெளியே நிற்கும். கூரையில் 100 வாட் பேனல் இருக்கிறது, 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. பேனலை நம்பி விட்டுவிடலாமா?

வேண்டாம். படுக்கையாக இருக்கும் பேனல் மேல் பனி விழுந்து கிடந்தால் வாரக்கணக்கில் ஒன்றும் வராது. கேஸ் டிடெக்டரோ விடாமல் குடித்துக்கொண்டிருக்கும். பல டிரெய்லர்களில் அது மெயின் சுவிட்சுக்கு அந்தப் பக்கம் கோத்திருப்பதால் சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. முழுச் சார்ஜில் உள்ள லெட் ஆசிட் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியானதில் ஆசிட் ஏறக்குறைய தண்ணீராகிவிடுவதால் மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைந்து பெட்டி வெடிக்கும். எனவே முழுச் சார்ஜ் ஏற்றி, முதலில் பேனல் இணைப்பு, பிறகு நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றிக் கராஜில் வையுங்கள். குளிரில் தானாக இறங்குவது மிகக் குறைவு. ஜனவரியில் ஒருமுறை சார்ஜர் போட்டால் போதும். பேட்டரியை டிரெய்லரிலேயே விட நேர்ந்தால், பேனலைத் தெற்கு நோக்கி 60 டிகிரி சாய்த்து நிறுத்துங்கள். பனி வழுக்கி விழும், தாழ்ந்த சூரியனும் நேராகப் படும்.

ஈரோடு வாசகர்: வளையும் பேனலைக் கூரையில் ஒட்டிவிடலாம் என்கிறார்கள். எடை குறைவு, பார்க்கவும் அழகு. லக்கேஜ் கேரியரும் பக்கத்திலேயே இருக்கும். சரிவருமா?

நம்மூர் வெயிலுக்கு ஒட்டும் பேனலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தகரக் கூரையோடு ஒட்டியதால் அடியில் காற்றோட்டம் இல்லை. சித்திரை மதியம் 70 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் வரை குறையும் என்பதால் 100 வாட்டில் 18 வாட் அங்கேயே போச்சு. அந்தச் சூட்டில் மேலுறை பழுப்பேறி, கொப்புளித்து, செல்லில் விரிசல் விடும். மாற்றலாம் என்றால் பசை கூரையோடு பெயிண்டையும் உரித்துக்கொண்டு வரும். கண்ணாடிப் பேனலை அலுமினியக் கோணச் சட்டத்தில், கூரைக்கு மேல் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நைலாக் நட்டும் போட்டுப் பொருத்துங்கள். துளைகளுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட். சாதாரண சிலிக்கான் அதிர்வில் விட்டுவிடும்.

கேரியரின் ஒரு கம்பி நிழல் பேனலின் குறுக்கே விழுந்தாலும் நஷ்டம் பெரிது. செல்கள் எல்லாம் சங்கிலியாகக் கோத்தவை. ஒரு செல் நிழலில் இருந்தால் பைபாஸ் டயோடு அந்த வரிசையையே ஒதுக்கிவிடும், மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போகும். கேரியரைப் பேனலைவிடத் தாழ்வாக வையுங்கள், அல்லது வண்டியின் பின்கோடிக்குத் தள்ளுங்கள். இரண்டு பேனலில் ஒன்றுக்கு எப்படியும் நிழல் விழும் என்றால் இணையாகக் கோத்துவிடுங்கள். தூசியைக் காலையில் வெயில் ஏறும் முன், மெல்லிய துணியும் வெறும் தண்ணீரும் கொண்டு துடைக்கலாம். கொதிக்கும் கண்ணாடி மேல் மதியத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள்.